விட்டு விட்டு வந்த துடிப்பு

சுரண்டையிலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கர்ப்பிணியும் அவள் மாமியாரும். அவள் மடியில், வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் சின்ன மெஷின்.

"நேத்து விட்டு விட்டு வந்துச்சு அத்தை. வளைகாப்பு வீடு, ஆளு நெறைய. எப்படிச் சொல்ல?"

"இப்ப?"

"சீரா வருது."

"பிறகென்னட்டி, சரியாயிட்டுல்லா. இறங்கி வீட்டுக்குப் போவோம்."

"சீராத்தான், ஆனா ரொம்ப மெதுவா வருது. என் ரத்தத்துல உள்ள நோய் பிள்ளை இதயத்தத் தாக்கும், விட்டு விட்டு வந்தா அன்னைக்கே வா, மருந்து குடுத்துப் பாக்கலாம்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. மெதுவாயிட்டா மருந்துக்கும் பழையபடி திரும்பாதாம்."

ஆய்க்குடி தாண்டியதும் மாமியார் அவள் பக்கம் திரும்பினாள்.

"எம்மவன்கிட்ட நேத்துன்னு சொல்லாத. இன்னைக்குக் காலைலதான் கேட்டுச்சுன்னு சொல்லு."