வெள்ளை படர்ந்த ஒரே பாட்டில்

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, மழை வந்துவிடுமோ என்று வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே வந்திருக்கும் பெருமாள்மலை மக்களே, மறைந்த முனைவர் ராஜகுமாரி அவர்களின் தம்பி கதிர்வேல் அண்ணன் அவர்களே, வணக்கம். பள்ளி அறிவியல் மன்றத்தின் சார்பில் பேச என்னை அனுப்பிய ஆசிரியர்கள் இந்நேரம் இவன் என்ன சேட்டை செய்வானோ என்று தவித்துக்கொண்டிருப்பார்கள். இன்று சேட்டை இல்லை, சார். பயம்தான் இருக்கிறது.

பூஞ்சையை ஆராய்ந்த ராஜகுமாரி அம்மா, ஆளும் பூஞ்சையாகத்தான் இருப்பார். பலமாகக் காற்றடித்தால் ஏரியில்தான் தேட வேண்டும் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். "ஏலே, ஒன் வாயில ஊறுற நொதிய எடுத்துச் சாயக்குழியில ஊத்துனா ஒரே நாள்ல சுத்தமாயிரும்" என்றார். இப்படித் திருப்பிக் கொடுக்கிற முனைவரை எங்கே போய்த் தேடுவது?

மூடிக் கிடக்கும் சாயப்பட்டறையையும் அதன் கழிவுக்குழியையும் நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தோம். அவர் அங்கே நின்றார். பட்ட மரத்தைத் தின்னும் வெள்ளைப் பூஞ்சை, அதே நொதியால் சாய நஞ்சையும் உடைக்கும் என்றார். அவித்த சோளத்தைப் பாட்டிலில் அடைத்து அதில் பூஞ்சையை வளர்த்தார். அதை வைக்கோலில் கலந்து, குழி கசியும் வாய்க்காலில் மெத்தை மெத்தையாகப் போட்டார். கத்தரிப்பூ நிறத்தில் நுழைந்த தண்ணீரைக் கஞ்சித் தண்ணீராக வெளியே வரவைத்தவர் யார்? ராஜகுமாரி அம்மா! நிறம் போனால் போதாது, நஞ்சும் போனதா என்று விடாமல் சோதித்தவர் யார்? ராஜகுமாரி அம்மா!

அடக்கத்துக்கு மறுநாள் வழக்கப்படி வீட்டைக் கழுவினார்கள். அலமாரியில் வெள்ளை பூத்த சோளப் பாட்டில்கள் இருந்தன. "கெட்டுப்போன சோளம்னு நெனச்சேன்ப்பா. துக்க வீட்டுல நாத்தம் வேணாம்னு வெரசா கொட்டிட்டுப் பினாயில ஊத்திப்புட்டேன்" என்றார் கதிர்வேல் அண்ணன். அவர்மேல் யாரும் கோபப்படாதீர்கள். அக்காவுக்காகக் கழுவிய கை அது.

மிச்சம் இருப்பவை குழியோரத்து வைக்கோல் மெத்தைகள்தான்; அவையும் மக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்து பிய்த்துப் புதுச் சோளம் அடைத்த பாட்டில்களில் வைத்தோம். மற்ற பாட்டில்களில் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. ஒன்றில் மட்டும் வெள்ளை படர்கிறது. அது அம்மாவுடைய பூஞ்சைதானா? சாயம் கலந்த தட்டில் அதில் கொஞ்சம் வைத்திருக்கிறோம். சுற்றிலும் நிறம் வெளுக்க வேண்டும். இன்று காலை வரை வெளுக்கவில்லை. மழையில் குழி நிரம்பினால் சாயம் கீழே ஊற்றில்தான் இறங்கும்.

அந்த ஊற்றை நம்பி வாழும் ஒய்யம்மாள் அக்கா முன்வரிசையில் இருக்கிறார். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மா போயிட்டாங்க. இனி இந்தத் தண்ணியப் புள்ளைகளுக்குக் குடுக்கலாமா வேணாமான்னு எங்களுக்கு யாருப்பா சொல்லுவா?" இவ்வளவு நேரம் புகழ்ந்தோமே, இதற்கு யாராவது பதில் சொன்னோமா?

அக்கா, இப்போதைக்குக் கொடுக்காதீங்க. எங்கள் பள்ளிக் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டேன். "ம்" என்றார், அதைச் சம்மதம் என்றே இந்தச் சபையில் அறிவிக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் மண்மூட்டை அடுக்கிக் குழிக்கரையை உயர்த்தப் போகிறோம். சோளம் அவிப்பது தன் பொறுப்பு என்று கதிர்வேல் அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பாட்டிலும் கைவிட்டால், காட்டில் பட்ட மரம் தேடி முதலிலிருந்து தொடங்குவோம். தண்ணீரைச் சோதித்து முடிவை ஊரறியச் சொல்வோம். எங்களுக்குத் தெரியாததுதான் அதிகம். ராஜகுமாரி அம்மா, பயந்துகொண்டேதான் போகிறோம். ஆனால் போகிறோம்.