இஞ்சு இல்லாததா ஒண்ணு

இல்லக்கா, இந்த டேப்புலயும் இருக்கு பாருங்க. இந்தப் பக்கம் சென்டிமீட்டரு, திருப்பினா அந்தப் பக்கம் இஞ்சு. எனக்கு இஞ்சே இல்லாததா ஒண்ணு வேணும்.

தெரியும்க்கா. ரெண்டும் இருந்தா நல்லதுதான், எல்லாரும் அதத்தான் கேட்டு வாங்குவாங்க. நான்தான் கிறுக்கி மாதிரி கேக்குறேன். சிரிக்காதீங்க. உள்ள வரவே கூச்சமா இருந்துச்சு. அந்தப் பெரியவரு ஆணி வாங்கிட்டுப் போகட்டும்னு வாசல்லயே நின்னேன். கல்லாவுல பொம்பள ஒக்காந்திருக்கவும்தான் தைரியம் வந்துச்சு.

ஏய், அந்தத் தாழ்ப்பாள ஆட்டாத. கை நசுங்கும். பெயிண்ட் டப்பா மேல ஏறாம கீழ ஒக்காரு.

எம்பொண்ணுதான். மூணு வயசா? இல்லக்கா, அஞ்சாகப் போவுது. எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. குண்டூசின்னுதான் வீட்டுல கூப்புடுறது. அவங்கப்பா வெச்ச பேரு. விடுங்க, டேப்புக்கு வருவோம்.

வீட்டுல இல்லாம என்ன? எங்க வீட்டுக்காரரு மரவேலை பாக்குறவரு. டேப்பு இல்லாமயா? ஆனா அந்தக் கதைய ஏன் கேக்குறீங்க. அதுல இஞ்சுப் பக்கம் கட்டவிரல் பட்டுப்பட்டு நம்பரே மங்கிப் போச்சு. சென்டிமீட்டர் பக்கம் மட்டும் வாங்குன அன்னிக்கு இருந்த மாதிரியே பளபளன்னு கெடக்கு. அந்தப் பக்கம் அவரு கண்ணு போனதே இல்ல. முனையில ஒரு இஞ்சு வேற ஒடஞ்சு போச்சு. புதுசு வாங்குங்கன்னா கேக்க மாட்டாரு. ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு அளப்பாரு, கடைசியில ஒண்ணு கழிச்சுக்குவாரு. பேச்சு மும்முரத்துல கழிக்க மறந்தாருன்னா போச்சு. எங்க வீட்டு ஸ்டூலுக்கு ஒரு காலு கட்டை. அட்டைய மடிச்சு முட்டுக் குடுத்துத்தான் ஒக்காருவோம். ஊருக்கெல்லாம் நேரா செஞ்சு குடுப்பாரு, எங்களுக்குன்னா இப்படி.

நானா? நான் அஞ்சாவதுதான்க்கா. கல்யாணத்துக்கு முன்னாடி சட்டை தைக்கிற கம்பெனியில செக்கிங்ல இருந்தேன். அங்க எல்லாம் மில்லிமீட்டருதான். காலர் அகலம், பாக்கெட் ஒசரம், பட்டன் நடுவுல இடைவெளி, எல்லாம் அளந்து அளந்து தள்ளணும். ரெண்டு மில்லிமீட்டர் கூடுனாலும் சரி, கொறஞ்சாலும் சரி, சட்டைய தூக்கி ஓரமாப் போட்டுருவாங்க. நல்ல சட்டையா இருக்கேக்கான்னு நான் ஆரம்பத்துல பரிதாபப்படுவேன். ரெண்டு மில்லிமீட்டர்னா ஒனக்கு ஒண்ணுமில்ல, போடுறவனுக்குக் கழுத்துல உறுத்தும்டின்னு சூப்பர்வைசர் அக்கா சொல்லும். அதுலேர்ந்து எனக்கும் கண்ணு அப்படியே பழகிப் போச்சு.

அப்ப நெனச்சுப் பாருங்க. அவரு இஞ்சு, நான் சென்டிமீட்டரு. பொருத்தம் பாத்தவங்க இத மட்டும் பாக்கல.

கல்யாணமான புதுசுல முன்ரூமு ஜன்னலுக்குத் தெரை தைக்கணும்னாங்க. அவரு வேலையில இருந்தாரு. போன் போட்டு, நீளம் எவ்வளவுங்கன்னு கேட்டேன். அம்பது வெட்டிருன்னாரு. நானும் அம்பது வெட்டி, மடிச்சு, ஓரம் அடிச்சு, கம்பியில கோத்து மாட்டியும் விட்டுட்டேன். ஜன்னலுக்கு அரை டவுசர் போட்டுவிட்ட மாதிரி தொங்குது. உள்ள எங்க மாமியாரு வாயத் தொறந்து தூங்குறது தெருவுக்கே தெரியுது. அவரு வந்து பாத்துட்டு, மீதி துணிய எலி தின்னுடுச்சான்னு கேட்டாரு பாருங்க. நீங்க அம்பதுன்னு சொன்னீங்கல்லன்னேன். அம்பதுன்னா அம்பது இஞ்சுதான்டி, வேற என்னன்னாரு. அம்பதுன்னா அம்பது சென்டிமீட்டருதாங்க, வேற என்னன்னு நானும் கேட்டேன். கல்யாணமாகி அன்னிக்குத்தான் அவருக்கு எதிரா வாயே தொறந்தேன்.

அதுலேர்ந்து ஓயாத சண்டைதான். சண்டைன்னா சண்டையில்ல, வெளையாட்டுக்கு. சாப்ட ஒக்காந்தா ஆரம்பிச்சுடுவாரு. இஞ்சுங்கிறது கட்டவிரல் அகலம், அடிங்கிறது காலடி, மனுஷன் ஒடம்புலேர்ந்து வந்ததுடி, உன் சென்டிமீட்டரு எந்த ஒடம்புலேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாரு. எனக்கு என்ன தெரியும்? ஆனா விடுவேனா? உங்களுக்கு எட்டு நூலு சேந்தா ஒரு இஞ்சு, பன்னெண்டு இஞ்சு சேந்தா ஒரு அடி, எட்டுக்கும் பன்னெண்டுக்கும் என்ன ஒறவுமொறை, எங்களுது பத்து பத்தா கொழந்தைகூட எண்ணும்னேன்.

நூலா? அது அவங்க மரவேலைக் கணக்குக்கா. ஒரு இஞ்ச எட்டாப் பங்கு போட்டா ஒரு பங்கு நூலு. அதுக்குக் கீழ அவங்களுக்கு ஒண்ணும் கெடையாது. நூலுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் இழைக்கிறப்ப சீவலோட போயிடும்டின்னு சொல்லுவாரு.

அப்புறம் அவரு என்ன கேட்டாரு தெரியுமா? பன்னெண்ட நான் மூணாவும் பிரிப்பேன், நாலாவும் பிரிப்பேன், எங்க, உன் பத்த மூணா பிரிச்சுக் காட்டுன்னாரு. அடுப்படியில போயி வெரல வெச்சு எண்ணிப் பாத்தேன். பிரியத்தான் மாட்டேங்குது.

எங்க மாமியாரா? அவங்க ரெண்டு கட்சியிலயும் இல்ல. அவங்களுக்கு சாண்தான். நீங்க ரெண்டு பேரும் இரும்ப நம்புங்க, நான் என் கைய நம்புறேன்னு சொல்லுவாங்க. கட்டில், பாய், பூனைக்குட்டி, எல்லாத்துக்கும் சாண்தான்.

அய்யய்யோ, தையல் டேப்பு வேணாம்க்கா. அது எங்கிட்டயே இருக்கு. இழுத்தா இழுபடும். நம்ம ஆசைக்குத் தகுந்த மாதிரி வளஞ்சு குடுக்கும். எனக்குப் பொய் சொல்லாததா வேணும்.

இஞ்சு மேல பெயிண்ட் அடிச்சு மறைக்கிறதா? அவரு உளி முனையால சுரண்டிப் பாத்துடுவாருக்கா. அந்த ஆள உங்களுக்குத் தெரியாது. நாலு நம்பருக்கு நடுவுல ஒரு இஞ்சு ஒளிஞ்சிருந்தாலும் அவரு கண்ணு நேரா அங்கதான் போயி நிக்கும்.

பரணுலயா? ஏறி எடுக்கணுமா? அய்யோ, உங்களுக்கு எதுக்குக்கா சிரமம். பாத்து, பாத்து. ஸ்டூல நான் புடிச்சுக்கிறேன். இது நேரா நிக்குதே, நாலு காலும் ஒண்ணா இருக்கு.

அட, இதான்க்கா! இரும்பு ஸ்கேலு. திருப்புங்க, பின்னாடி பாப்போம். ஒண்ணுமில்ல, வெறுமன இருக்கு! கோடெல்லாம் வெட்டி எழுதியிருக்கு, அழியாது. மில்லிமீட்டரு ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. தூசிதானே, தொடச்சுக்கிறேன். யாரும் கேக்காம பரணுல கெடந்துச்சா? எனக்குன்னுதான் கெடந்திருக்கு.

ஆமாக்கா, ஒரு மீட்டருதான். இப்போதைக்குப் போதும்.

என்னத்த அளக்கவா? அது...

குண்டூசி, அந்தக் கலர் கலரா இருக்கிற கயித்துல எத்தன கலருன்னு எண்ணி வந்து அம்மாகிட்ட சொல்லு. மெதுவா எண்ணு.

அவளத்தான்க்கா அளக்கணும். அவ வளரல. மூணு வயசுல தெச்ச கவுன இப்பவும் போடுறா, நீங்களே பாத்தீங்கல்ல. ஆஸ்பத்திரியில ஊசி போடச் சொன்னாங்க. தெனமும் வீட்டுலயே போடணும். நான்தான் போடுறேன். மாசாமாசம் காலையில எழுந்ததும் அளந்து பாருங்க, ஏறுதான்னு தெரியும்னாங்க. அவரு கதவு நெலையில நிக்க வெச்சு, தலமேல சின்னப் பலகைய வெச்சு, பென்சிலால கோடு போட்டாரு. அடுத்த மாசம் அளந்தாரு. பழைய கோட்டு மேலயே பென்சில் போயி நிக்குது. ஒரு நூலு கூட ஏறலடின்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. பென்சில காதுல சொருகிக்கிட்டு வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பட்டறைக்குள்ள போனாரு. எப்பவும் போனதும் ரம்பம் சத்தம் கேக்கும். அன்னிக்குக் கேக்கல.

அப்புறம் ராத்திரி சாப்புடுறப்ப, ஏறாததுக்கு எதுக்கு அந்தப் பிஞ்சத் தெனமும் குத்தணும், நிறுத்திடலாம்னாரு. கோவமில்லக்கா. ஊசி எடுத்தா அவ அப்பாகிட்டதான் ஓடுவா. அவருதான் புடிச்சுக்கணும். அவரால முடியல.

எங்க மாமியாரு என்ன பண்றாங்க தெரியுமா? அவங்களும் சாண் போட்டு அளப்பாங்க. அவங்க கணக்குல மட்டும் பேத்தி வாராவாரம் வளந்துக்கிட்டே போறா. நான் ஒருநா உத்துப் பாத்தேன். வெரல லேசா குறுக்கிக்கிறாங்க.

நானும் ரெண்டு மாசமும் அளந்தேன்க்கா. அவரு குளிக்கப் போனப்ப, அவரோட டேப்புலயே அந்தப் பளபளன்னு இருக்கிற பக்கத்துல. முனை ஒடஞ்ச கணக்கையும் கழிச்சுதான் சொல்றேன். ரெண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்கா. அவரு பென்சில் கோடே அவ்வளவு தடிமன், அதுக்குள்ள அடங்கிப் போச்சு. சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. நீ மனசத் தேத்திக்கக் கோடு எண்ணுறேங்குறாரு. நூலுக்குக் கீழ ஒண்ணுமில்லைங்குறாரு. ரெண்டு மில்லிமீட்டருக்கு ஒரு சட்டையவே தூக்கிப் போட்டாங்கக்கா. அங்க அது கணக்குன்னா, எம்பொண்ணுக்கு மட்டும் கணக்கு இல்லையா?

அதான் இத நெலையிலயே, அந்தப் பழைய கோட்டுக்குப் பக்கத்துல அடிச்சுடலாம்னு. நாளைக்குக் காலையில அவள நிக்க வெச்சு அவரையே அளக்கச் சொல்லணும். அவரு கண்ணு போயி ஒளிஞ்சுக்க இதுல இஞ்சு இல்ல பாருங்க. அவரே பாத்துட்டார்னா போதும். நாளைக்கும் ஊசிக்கு அவளப் புடிச்சுக்குவாரு.

ஆணி வேணாம்க்கா, அவருகிட்ட ஆணி இல்லாமயா. பேப்பர் மட்டும் சுத்திக் குடுங்க.

என்ன சொன்னீங்க? ஆமாக்கா, ஒரு மீட்டரு ரொம்ப நாளைக்குப் பத்தாதுதான். பத்தாமப் போகட்டும்க்கா. அதுக்குத்தானே வாங்குறேன். வா குண்டூசி, எத்தன கலரு? ஏழா? சரி, அத்தைக்கு டாட்டா சொல்லு.