முறை பாத்துச் சேத்த ஓந்தி

தட்டை அங்கிட்டுத் தள்ளி வையிண்ணே, பூவு பொசுங்கிரும். இந்த ஓந்தி தும்முனா ஒரு முழத்துக்குத் தீ வரும். ஏ கழுதை, மாமா மடியில ஏறாத. புது வேட்டி கட்டிப் பொண்ணு கேக்க வந்திருக்காரு.

கேக்குது, கேக்குது. உன் மகன் ராஜ்கமலுக்கு என் மக சுசித்ரா. பேசலாம், உக்காரு. மொத இந்தக் குஞ்சுகளப் பாரு. நாலும் உன் ஆணுக்கும் என் பெட்டைக்கும் பொறந்தது. மூக்குக்கு முன்னாடி கையக் காட்டு. சுடுதா? இதுவும் சுடும். இதுவும். இப்ப இந்தக் குண்டன். ஊதுடா ராசா. பாத்தியா? ஃபேன் காத்து.

சிரிக்காதண்ணே. தீயோந்தி மூச்சுலதான் பச்ச மாறாம ஏலக்கா காயுது. இவனக் காய் காயப் போடுற ஸ்டோருக்குள்ள விட்டா காய்க்குச் சளி புடிக்கும்.

எங்க தப்பு நடந்துச்சா? நம்மகிட்டத்தான். அப்பா ஒனக்கொரு ஆணும் எனக்கொரு பெட்டையும் குடுத்தாருல்ல, ஒரே வயித்துக் குஞ்சுக. அதுக பிள்ளைகள நாம என்ன பண்ணுனோம்? முறை பாத்தோம்! அண்ணன் வீட்டு ஆணு, தங்கச்சி வீட்டுப் பெட்டை, மாமன் மகன், அத்த மகளுன்னு நீ மஞ்சத்தண்ணி வேற தெளிச்ச. ஓந்திக்கு மாமன் யாரு, பங்காளி யாருன்னு தெரியுமா? அதுக்கு எல்லாம் ஒரே ரத்தம்.

குஞ்சுக்கு ஆத்தா ஒரு பொறி குடுக்கும், அப்பன் ஒரு பொறி குடுக்கும். ஒண்ணு அவிஞ்ச பொறியா இருந்தாலும் இன்னொண்ணு சமாளிச்சிரும், வெளிய தெரியாது. என் பெட்டை அப்படித்தான். உன் ஆணும் அப்படித்தான். பாக்க ரெண்டும் கொள்ளிவாய்ப் பிசாசு. சோடி சேந்தா, நாலுக்கு ஒண்ணு ரெண்டு பக்கமும் அவிஞ்சதா வாங்கிட்டு வந்து நிக்கிது.

சாமி குத்தமா? ஆமா, சாமிக்கு வேற சோலி இல்ல பாரு. போன ஈத்துல இப்படி ஒண்ணு பொறந்தப்பக் கெடா வெட்டுனியே, இந்தா இன்னொரு ஃபேன். கெடாவுக்குத்தான் நட்டம்.

அதான் அடுத்த பெட்டைக்குப் பூப்பாறைல இருந்து ஆணக் கொண்டாந்தேன். சப்ப மூக்கு, மொண்ண வாலு, மலையாளத்துல கூப்பிட்டாத்தான் திரும்பும். இது ஓந்தியா பன்னியான்னு நீதான் கேட்ட. அந்தக் கூண்டப் பாரு, பொறந்தது அம்புட்டும் கொள்ளி. உள்ளுக்குள்ள சிலதுல அவிஞ்ச பொறி கெடக்கும், இல்லேங்கல. தனியாக் கெடந்துட்டுப் போகட்டும்.

மனுசனும் ஓந்தியும் ஒண்ணா? ஒண்ணில்லதான். ஓந்தி சொன்னாக் கேக்கும்.

ராஜ்கமலுக்கு ஒரு கொறையும் இல்லண்ணே, தங்கம். ஆனா ரெண்டும் ஒரே தொட்டிலுக்கு அடிச்சுக்கிட்டதுக. அவன் மூக்குச்சளியத் தொடச்சு விட்டவ அவ. அவனப் புருசனா நெனைன்னா, சிரிச்சே செத்துருவா.

அவ எங்கயா? போடியில. வேலையா இல்லண்ணே, குடியிருக்கா. முந்தாநாளு ரிஜிஸ்டர் ஆபீஸுல கல்யாணம் முடிஞ்சிருச்சு. மாப்ள ஜோசுவா, மிளகு யாவாரம் பண்ற ஜெயபாக்கியத்தம்மா மகன். ஆமா, வேதக்காரவுகதான். கத்தாத, குஞ்சு பயந்து தீயக் கக்கிரும்.

எனக்குத் தெரியுமாவா? சாட்சிக் கையெழுத்துல ஒண்ணு என்னுது.

முன்னாடியே சொன்னா நீ தட்டோடயா வந்திருப்ப? அருவாளோட வந்திருப்ப. ஊருல என்ன சொல்றதா? பொண்ணு கேக்கப் போனேன், ஓந்தி பாத்துட்டு வந்தேன்னு சொல்லு. அவ அழுதாண்ணே. மாமா பேசாமப் போயிருவாரோ, அத மட்டுந்தான் கேட்டா. ஒன்னையக் கேக்காம நான் என்னத்தச் சொல்ல?

ஜீப்புக்காரச் சின்ராசு ஆரன் அடிக்கிறான். உங்க ஊரு சிலமலைக்கு எறங்குற வண்டி. ஏறுறியா?

என்னண்ணே, குண்டனத் தூக்கி மடியில வச்சுக்கிட்ட? அப்ப இருக்கியா?

ஏ சின்ராசு! நீ ஜீப்ப எறக்குப்பா, இங்க ஏற ஆளு இல்ல.