கிரகணத்துக்கு முன்பே முடிந்த ஆட்டம்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் இராஜதுரை ஐயா அவர்களே! பாரிஸ் லா சப்பல் கடைகளை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! கார் து நோர் ரயில் நிலைய நெரிசலிலும் பட்டுச்சேலை கசங்காமல் வந்து சேர்ந்த தாய்மார்களே! ஆய்வுக்கூடத்தில் குரோமோசோம்களோடு குடித்தனம் நடத்தும் இந்தச் சிவகாமசுந்தரியின் கனிவான வணக்கம்!

சற்றுமுன் கோலாட்டத்தை முன்னின்று நடத்தினாளே தர்மிளா, பதினான்கு வயதுப் பெண்! டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள் என்பது நீங்கள் அறிந்ததே. கூரை அதிரக் கைதட்டினீர்கள். ஆனால் தேநீர் வரிசையில் என் காதில் விழுந்தது என்ன?

"பாவம் பிள்ளை. தாய் கிரகணத்தண்டு வேலைக்குப் போனவ. சொல்லச் சொல்லக் கேக்கேல்லை."

இரண்டாயிரத்துப் பதினொன்று சனவரி. சூரியன் பாதி மறைந்தே உதித்த காலையில், ஏழு மாத வயிற்றோடு செவ்ரானில் ரயிலேறினார் இந்திராதேவி. அன்றுமுதல் அவர்தான் குற்றவாளி! மகள் ஆடும் நாளிலும் கடைசி வரிசையில், கதவோரம் ஒதுங்கியிருக்கிறார். எனக்குக் கோபம் வருகிறது, அன்பர்களே!

நடந்தது என்ன? முட்டையோ விந்தோ உருவாகும்போது குரோமோசோம்களும் கோலாட்டம் ஆடுகின்றன. இணை இணையைத் தேடும், தேடி நெருங்கும், நெருங்கித் துண்டுகளை மாற்றிக்கொள்ளும், மாற்றியபின் ஆளுக்கொரு பக்கம் பிரியும். அதன் பெயர் மியோசிஸ். எப்போதாவது ஓர் இணை பிரியாமல் ஒரே பக்கம் போய்விடும். தர்மிளா உருவாகும் முன் இருபத்தொன்றாம் இணை அப்படித்தான் போனது; அதனால் அவளுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று, அதுதான் டவுன் சிண்ட்ரோம். எப்போது? கிரகணத்துக்குப் பல மாதம் முன்பே! கரு உண்டாவதற்கும் முன்பே! சூரியனுக்கும் பங்கில்லை; ரயிலுக்கும் பங்கில்லை; பெற்றவளுக்கும் குற்றமில்லை!

நடுவரிசையில் கையுயர்த்தும் ஐயா, என்ன கேட்கிறீர்கள்? "அண்டைக்கு வீட்டிலை இருந்திருந்தா?" வீட்டில் பூட்டியே வைத்திருந்தாலும் இதே தர்மிளாதான் பிறந்திருப்பாள்!

ஆட்டத்தின் நடுவே இரண்டு பிள்ளைகள் பிரிய மறந்து ஒரே பக்கம் ஓடினார்களே, பார்த்தீர்களா? தர்மிளா திகைத்தாளா? இல்லை! கோலைத் தட்டியபடியே அவர்களை வரிசைக்கு இழுத்துவந்தாள். ஆட்டம் நின்றதா? இல்லவே இல்லை!

அதோ, கடைசி வரிசையில் எழுந்துவிட்டார் இந்திராதேவி!

"அப்ப... என்ரை பிழை இல்லையோ, டொக்டர்?"

இல்லை அம்மா! அன்றும் இல்லை, என்றும் இல்லை!

பாருங்கள், மேடையிலிருந்து குதித்தோடுகிறாள் மகள்! "அம்மா, வாங்கோ! முன்னுக்கு வாங்கோ!" வழிவிடுங்கள், பெரியோரே! முன்வரிசையில் முதலில் எழுந்து தன் நாற்காலியைக் கொடுப்பவர் யார்? தேநீர் வரிசையில் பேசிய அதே சகோதரி! பெயர் சொல்லமாட்டேன், கைகூப்புகிறேன்.

செவிகொடுத்த சபைக்கு நன்றி. முன்வரிசைக்கு வந்துவிட்ட தாய்க்கு என் வணக்கம்!