காருக்கடியில் மாமா

மாமா: நகராத.

மச்சான்: நான் எங்க நகர்றேன். நீங்க நகராம இருங்க.

மாமா: உன் செருப்பு நகருதே. இங்கேருந்து எனக்கு அதுதான தெரியுது.

மச்சான்: கால மாத்தி வச்சேன் மாமா. கடப்பாரை அப்படியேதான் இருக்கு. வயித்த வச்சு அமுக்கிட்டு நிக்கிறேன்.

மாமா: விட்டுடாத.

மச்சான்: விடுவேனா.

மாமா: இல்ல... சும்மா சொன்னேன்.

மச்சான்: எப்படி மாமா காரு இறங்குச்சு? முட்டுக் குடுத்த ஸ்டாண்டு நல்லாத்தான நின்னுச்சு.

மாமா: ஸ்டாண்டு இப்பவும் நல்லாத்தான் நிக்குது. கார்தான் ஓட்டையாயிடுச்சு. ஓரத் தகடு பூரா துரு. கியர் பாக்ஸ இறக்க கடைசி போல்ட்ட அசைச்சேன் பாரு... அந்த ஆட்டத்துல ஸ்டாண்டு தகட்டக் கிழிச்சிக்கிட்டு உள்ள போயிடுச்சு.

மச்சான்: மேல அவ்வளவு பளபளப்பு.

மாமா: பெரிய மனுஷங்க ஓட்டுன கார் இல்ல... மேல மெத்தை, கீழ கரையான்.

மச்சான்: சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கு இங்க கம்பி ஆடுது.

மாமா: கழட்டின சக்கரத்த காருக்கடியில தள்ளுனது நீதான?

மச்சான்: கால்ல இடறுதேன்னு தள்ளுனேன்.

மாமா: நல்லா தள்ளுன. அது மேலதான் இப்ப காரு உக்காந்திருக்கு. ஆனா அதுவும் சாயுது. நீ கடப்பாரைய விட்டா அது வழுக்கிடும்.

மச்சான்: அடி ஏதாவது...

மாமா: இல்ல. சட்டை மாட்டிக்கிச்சு. கைப்பக்கம். அவ்வளவுதான்.

மச்சான்: சட்டைதான்னா கிழிச்சிக்கிட்டு வெளிய வாங்களேன்.

மாமா: எப்படிக் கிழியும்? லிப்ட் கம்பெனி சட்டைடா. அதுவும் கிழிஞ்ச இடத்தையெல்லாம் நீ கார் சீட்டு தைக்கிற நூல்ல தச்சுக் குடுத்திருக்க.

மச்சான்: வலிக்கலையே?

மாமா: சட்டைக்கு எங்கடா வலிக்கும்.

மச்சான்: சரி, இருங்க. போன் போடுறேன்.

மாமா: ரெண்டு கையும் கடப்பாரையில இல்ல இருக்கு?

மச்சான்: ஒரு கைய எடுத்துட்டேன். தோள்ல இடுக்கிக்கிட்டேன்... ஹலோ. அண்ணே, நான் சீட்டு தைக்கிற கடை. ஆமா. ஷெட்ல ஒரு கார் ஆள் மேல இறங்கிடுச்சு. பேசுறாரு, நல்லாத்தான் இருக்காரு. கிரேன் வண்டிய உடனே அனுப்புங்க. எங்க மாமாண்ணே... ம். சரி. சரிண்ணே. மாமா, கிளம்பிட்டாங்க.

மாமா: ...

மச்சான்: மாமா?

மாமா: ம். கேட்டுச்சு.

மச்சான்: கிரேன் வருது.

மாமா: வரட்டும். நல்லதாப் போச்சு.

மச்சான்: பக்கத்து ஷெட்ல யாராவது இருந்தா கத்திப் பாக்கலாம். லீவு நாள்... ஈ காக்கா இல்ல.

மாமா: தொண்டையப் போக்கிக்காத. மூச்ச கடப்பாரைக்கு வச்சிக்க.

மச்சான்: பேசிக்கிட்டே இருங்க மாமா. நீங்க பேசாம இருந்தா பயமா இருக்கு.

மாமா: என்னத்தப் பேச.

மச்சான்: ஏதாவது. இந்தக் காரு எதுக்கு உங்களுக்கு? சும்மா ஓட்டியிருந்தா ராஜா மாதிரி ஓட்டியிருக்கலாம். தோல் சீட்டு, மரப் பலகை போட்ட டாஷ்போர்டு... சீட்டக் கழட்டுனப்ப எனக்கு அழுகையே வந்துச்சு. அப்படி ஒரு தோல நான் ஜென்மத்துக்கும் தச்சதில்ல.

மாமா: அந்தச் சீட்டோட கனத்துல டிரிப்ட் அடிச்சா, பின்சக்கரம் வழுக்காது, தூங்கும்.

மச்சான்: பெரிய டிரிப்ட். காரை நண்டு மாதிரி பக்கவாட்டுல ஓட்டறதுக்கு ஒரு பேரு.

மாமா: டேய்... நான் என்ன வேலை பாக்கறேன்?

மச்சான்: லிப்ட் ரிப்பேரு.

மாமா: இத்தனை வருஷமா மேல போறேன், கீழ வர்றேன். மேல போறேன், கீழ வர்றேன். ஒருநாளாவது குறுக்கால போகணும்னு தோணுச்சுடா.

மச்சான்: அத அக்காகிட்ட சொல்லிட்டுப் போகலாம்ல. ‘பழைய காரைப் புதுசாக்கி உன்னை ஊர்வலம் கூட்டிட்டுப் போறேன்’னு சொல்லி வச்சிருக்கீங்க. நானும் கூட சேந்து தலையாட்டிட்டு...

மாமா: அய்...

மச்சான்: என்ன? மாமா, என்னாச்சு?

மாமா: கம்பி... கம்பி இறங்குதுடா.

மச்சான்: வேர்வைல வழுக்கிடுச்சு. பிடிச்சிட்டேன். பிடிச்சிட்டேன் மாமா. இப்ப?

மாமா: ...சரி. இப்ப சரி.

மச்சான்: சட்டைதான?

மாமா: சட்டைதான். கேளு மச்சான். உனக்குத் தாங்க முடியலன்னா ஒரு குரல் குடுத்துட்டு ஒதுங்கிடு. கடப்பாரை தெறிச்சா உன் தாடையப் பேத்துடும்.

மச்சான்: பேசாம இருங்க.

மாமா: இப்பத்தான பேசச் சொன்ன.

மச்சான்: வேற ஏதாவது பேசுங்க. ஒதுங்கறதப் பத்திப் பேசாதீங்க.

மாமா: கை நடுங்குதா?

மச்சான்: இல்ல.

மாமா: செருப்பு நடுங்குதே.

மச்சான்: அது... கிரேன் வந்துடும் மாமா. வர்ற வழிதான். நீங்க ஒரு தடவகூட எங்கன்னு கேக்கலையே.

மாமா: வரும்போது வரட்டும்டா. கேட்டா மட்டும் பறந்தா வரப்போகுது... கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்.

மச்சான்: மூடாதீங்க. மாமா. மாமா, கண்ணத் திறங்க. என்னோட செருப்பப் பாருங்க. என்ன கலர் அது?

மாமா: ...கேவலமான கலர்.

மச்சான்: ஆங். அதப் பாத்துக்கிட்டே இருங்க.

அக்கா: டேய், போன எடுக்கறதுக்கென்னடா உனக்கு? அவரு போன் வீட்ல அலமாரியில கிடந்து அடிக்குது. சாப்பாடு ஆறிப்போயி... என்ன இது? ஏன் இப்படித் தொங்கிட்டு நிக்கிற? அவரு எங்க?

மச்சான்: அக்கா, கிட்ட வராத. மாமா கீழ இருக்காரு.

அக்கா: கீழன்னா... ஐயோ.

மாமா: ஒண்ணுமில்ல. பயப்படாத. சட்டை மாட்டிக்கிச்சு.

அக்கா: யாருக்காவது சொன்னியாடா?

மச்சான்: அக்கா, மொதல்ல ஜாக்கி. உன் கார் டிக்கில இருக்கும். ஓடு. அழுறத அப்புறம் வச்சிக்க.

மாமா: போயிட்டாளா?

மச்சான்: ஓடுறா மாமா. செருப்பக்கூட போடல.

அக்கா: இந்தா, கொண்டாந்துட்டேன். எங்க வைக்கணும்?

மச்சான்: அந்தக் கட்டையத் தரையில போடு. அது மேல ஜாக்கிய வை. ஓரத்துல வேணாம், ஓரம் துரு. உள்ள, முன்சக்கரத்துப் பக்கம் கனமா ஒரு இரும்பு போகுது பாரு.

அக்கா: தெரியுது.

மச்சான்: தட்டு. டங்குன்னு கேக்கணும். பொத்துன்னா அது ஆகாது.

அக்கா: ...பொத்துங்குதுடா.

மச்சான்: இன்னும் உள்ள.

அக்கா: இங்க... டங்குங்குது.

மச்சான்: அங்கதான். சுத்து. மெதுவா.

அக்கா: சுத்தறேன். ஏங்க, பேசுங்க. கேக்குதா?

மாமா: கேக்குது. நல்லா சுத்தற.

அக்கா: உள்ள சீட்டே இல்லியேடா. ஊர்வலம் போறப்ப நான் என்ன தரையிலயா உக்கார்றது?

மச்சான்: அக்கா, சுத்து.

அக்கா: சுத்திக்கிட்டேதான் கேக்கறேன்... சக்கரம் அசையுதே.

மச்சான்: அசையட்டும். கனம் ஜாக்கிக்கு வந்துடுச்சு. நிறுத்தாத. இப்ப அந்த ஸ்டாண்ட அதே இரும்புக்கடியில தள்ளு. தள்ளிட்டியா?

அக்கா: தள்ளிட்டேன்.

மச்சான்: நிக்குதா?

அக்கா: நிக்குது. நீ விடு.

மச்சான்: ...விரல் விரியல அக்கா. இரு. ம். விட்டுட்டேன். மாமா, கால நீட்டுங்க, இழுக்கறேன்.

மாமா: மெதுவா. இடப்பக்கம் மட்டும் மெதுவா.

அக்கா: வந்துட்டாரு. ஏங்க, என்னப் பாருங்க... ஐயோ, கை. டேய், கையப் பாருடா.

மச்சான்: மாமா... சட்டைன்னு சொன்னீங்களே.

மாமா: கைன்னு சொல்லியிருந்தா, நீ கடப்பாரைய விட்டுட்டுக் குனிஞ்சு பாத்திருப்ப.

அக்கா: மணிக்கட்டே திரும்பியிருக்கு. வாய மூடிட்டு இருங்க ரெண்டு பேரும். ஆம்புலன்சுக்குப் பேசறேன்.

மச்சான்: மாமா.

மாமா: ம்.

மச்சான்: அந்தக் கிரேன்...

மாமா: வராது. தெரியும்.

மச்சான்: எப்படித் தெரியும்?

மாமா: உன் போன் காருக்குள்ள தரைத்தகட்டு மேல கிடக்கு. நீ ‘ஹலோ, அண்ணே’ன்னு பேசிக்கிட்டிருந்தப்ப, அது என் தலைக்கு மேல கிர்ரு கிர்ருன்னு அதிர்ந்துக்கிட்டிருந்துச்சு. உன் அக்காதான் கூப்பிட்டிருப்பா.

மச்சான்: தெரிஞ்சுமா பேசாம கிடந்தீங்க?

மாமா: யாரோ வர்றாங்கன்னு நான் நம்புறதா நீ நம்புனாத்தானடா, உன் கை தாங்கும்.