நான்கு விநாடித் திரி

மந்தைவெளியில் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். அதனால் எனக்கு ஐந்துக்கே எழுந்து பழக்கம். நேற்று நீங்கள் வந்து கதவைத் தட்டியபோதும் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், இன்ஸ்பெக்டர். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

மாணிக்கவாசகம் திருநெல்வேலிக்காரர். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். நந்தனத்தில் இருந்த அவருடைய பித்தளைப் பட்டறையில் நான் சோதனை குமாஸ்தா. அறுபத்தைந்து யுத்தத்துக்குப் பிறகு, கையெறி குண்டுக்குத் திரி செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. பாதுகாப்புப் பின்னை உருவி வீசினால் நான்கு விநாடி கழித்து வெடிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஒரே தடவையில் செய்து முடிக்கும் ஒவ்வொரு லாட்டிலும் முதல் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவோம். சோதனைக்கும் அந்தப் பெட்டியைத்தான் திறப்போம். பூசை போட்டது இருக்க வேறொன்றைத் திறந்தால் அபசகுனம் என்பார் முதலாளி. நல்ல சரக்கை அதில்தான் அடுக்குவார். அது எனக்கும் தெரியும்.

எழுபத்தொன்று டிசம்பரில் கிழக்கு எல்லையில், பட்டாளத்தில் இருந்த என் மகன் ஜவஹர் செத்துப்போனான். பின்னை உருவியதும் கையிலேயே வெடித்ததாம். அவன் சிநேகிதன் பெட்டிச் சீட்டை எனக்கு அனுப்பியிருந்தான். எங்கள் பட்டறைதான், பதினேழாவது லாட். சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. வழக்கப்படி போட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலாளி துக்கம் கேட்க வந்தார். என் மனைவி ஜானகி காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, "பிள்ள அவசரப்பட்டிருப்பான், ரகுபதி. உருவிட்டு கையிலயே வச்சிருந்தா யாரு என்ன செய்ய முடியும்?" என்றார். அன்றைக்கு என் வயிற்றில் பற்றிய நெருப்பு இன்னும் அணையவில்லை. அணைய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

பதினேழாம் லாட்டில் நாற்பது பெட்டி பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தது. முதலாளி அதை உருக்க மனசில்லாமல் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடிவைத்தார்.

முன்பெல்லாம் ஆயுதம் என்றால் வெள்ளைக்காரன் விற்பான், மற்றவர்கள் வாங்குவார்கள். எழுபத்து மூன்றில் எண்ணெய் விலை ஏறியதும் எல்லாம் மாறிவிட்டது. பாலைவன நாடுகள் பெரிய தேசங்களிடம் விமானமாக வாங்கிக் குவித்தன. சில்லறைச் சாமான் எங்களைப் போன்றவர்களைத் தேடி வந்தது. பம்பாய்த் தரகர் ஒருவர் முந்நூறு பெட்டி கேட்டார். காகிதத்தில் குழாய் உதிரிபாகம் என்று எழுதினோம். வாங்குகிறவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். எங்கள் திரி மாட்டிய முதல் குண்டை விற்கிறவன் தன் கையால் வீசிக் காட்ட வேண்டும்.

முதலாளி தன் ஒரே மகன் சிதம்பரநாதனை அனுப்பினார். தங்கமான பையன். "மாமா, சாம்பிள் பெட்டிய நீங்களே அடுக்கிருங்க. ஒங்க கைன்னா எனக்குத் தைரியம்," என்றான். அடுக்கினேன். மேல் வரிசை முழுக்கப் பதினேழாம் லாட்.

பெட்டி கட்டும் தாயம்மா பார்த்துவிட்டாள். "இன்னா சார், இது பழைய சாமானாச்சே? புச்சு அங்க கீதே!" என்றாள். முதலாளி சொன்னார் என்றேன். மூடியை வைத்து ஆணி அடித்தாள். அவள்மேல் குற்றமில்லை.

போன வாரம் சிதம்பரநாதன் போன இடத்திலிருந்து தந்தி வந்தது. மாணிக்கவாசகம் தரையில் விழுந்து புரண்டார். அவருக்கு ஒரு டம்ளர் காபி வாங்கிவரச் சொன்னேன். "பையன் அவசரப்பட்டிருப்பான்," என்று நானும் சொன்னேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசி எடுத்தது.

அந்த நாற்பது பெட்டியில் மீதி எங்கே என்று கேட்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் புதுச் சீட்டு ஒட்டிப் புதுச் சரக்கோடு கலந்துவிட்டேன். கப்பல் தந்திக்கு முந்தின செவ்வாய்க்கிழமையே கிளம்பிவிட்டது. எந்தெந்தப் பெட்டி என்று எனக்கே தெரியாது. அங்கேயும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள்தான் வீசப்போகிறார்கள். அவர்களுக்கும் அப்பாக்கள் இருப்பார்கள். அந்த அப்பாக்கள் மாணிக்கவாசகத்தைச் சும்மா விடமாட்டார்கள்.