மாடியில் தேவா

ஒரு வீட்டில் நெட் கனெக்‌ஷன் ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு என்றால் தகராறு வரத்தான் செய்யும், சார். வடையைப் பிட்டுக் கொடுக்கும்போதே பெரிய பாதியைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிற ஜனம் நாம். நெட்டை எப்படிப் பங்கு வைப்போம்?

என் பெயர் விருத்தாசலம். திண்டிவனத்தில் மல்லாட்டை வியாபாரம், வேர்க்கடலைதான். வீடு பெருமுக்கல் போகிற ரோட்டில். நெட் லைன் கீழ் அறையில் என் கம்ப்யூட்டருக்கு வருகிறது. அதிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, மாடியில் என் மனைவி அம்சவள்ளியின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்தேன். அவள் பி.எஸ்சி. கணக்கு. துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மத்தியானத்தில் நெட் வழியாகப் பாடம் எடுப்பாள். அதுதான் அவளுக்கு உயிர். அவளுடைய கம்ப்யூட்டர் பழையது. விழுப்புரத்தில் பூமாலை என்பவரின் பழைய கம்ப்யூட்டர் கடையில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில் வாங்கிக் கொடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் நெட் மாடிக்குப் போகும், எடுத்துவிட்டால் நின்றுவிடும். சில நாள் டிக் இருந்தும் போகாது. அப்போது ஒயரைக் கழற்றி, முனையை வாயருகே வைத்து ஊதி, திரும்பச் சொருகினால் வந்துவிடும். ஊதுவதில் ஒரு மண்ணும் இல்லை என்று பூமாலை சொல்வார். ஆனால் எங்கள் வீட்டில் அதுதான் வைத்தியம். அம்சவள்ளிக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

ஒரு நாள் ஊதியும் வரவில்லை. கோளாறு எங்கே என்று தேடும்போது, என் லைனில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்தேன். இரண்டே பெயர்கள். ஒன்று என்னுடையது. இன்னொன்று தேவா. அம்சவள்ளியின் பெயர் அதில் இல்லை, சார்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு மண்டியிலிருந்து வீட்டுக்கே வந்துவிடுவேன். அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினால் அவன் வருகிறான். அவள் கீழே இறங்கினால் அவன் போய்விடுகிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சொல்லாமல் கொள்ளாமல் மாடியேறிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், தண்ணீர் டேங்குக்கு மறைவில் எங்கும் ஆள் இல்லை. அவ்வளவு கெட்டிக்காரன்.

கீழே இறங்கிச் சாப்பிட உட்கார்ந்தேன். நிதானமாகத்தான் கேட்டேன்.

"யாரு தேவா?"

சோறு போட்டுக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "ஐய, அது கம்ப்யூட்டர் பொட்டி பேருங்க. பழசு வாங்கிக்கினு வந்தீங்களே, அன்னிலேர்ந்து அந்தப் பேருதான் இருக்குது. வெச்சிருந்தவன் பேரா இருக்கும்."

பதிலைத் தயாராக வைத்திருக்கிறாள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டேன்.

விழுப்புரம் போய்ப் பூமாலையைக் கேட்டேன். "கெடாரு ஊர்ப் பையன் சார். வித்துட்டு பெங்களூரு போய்ட்டான். பேரு மாத்தறது ஒரு வேலையா? பொட்டிய எடுத்துக்கினு வாங்க, ஜல்தியா மாத்திக் குடுக்கறேன்."

வேண்டாம் என்றேன். பெயரை மாற்றிவிட்டால் பிறகு அவனை எப்படிப் பிடிப்பது?

பூமாலை என் முகத்தையே பார்த்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி சார். இதுக்குப் போயி பேஜாராவாதீங்க" என்றார். தேவா யார் என்பதைத் தவிர நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நான் அரண்டிருப்பது இவருக்கு எப்படித் தெரிந்தது? இவரும் உடந்தை என்று அப்போதே புரிந்துவிட்டது. அதோடு, கெடாரில் இல்லாதவன் வேறு எங்கே இருப்பான் என்றும் புரிந்துவிட்டது.

அதன் பிறகுதான் டிக்கை எடுக்க ஆரம்பித்தேன். அவள் பாடத்தில் இருக்கும்போது எடுப்பேன். "ஏங்க, நெட்டு நின்னுபோச்சி, பசங்க காத்துக்கினு இருக்குது" என்று மாடியிலிருந்து கத்துவாள். சற்றுப் பொறுத்துப் போட்டுவிடுவேன். நெட்டை நிறுத்தினாலும் அந்தப் பெயர் அசையாது, சார். நெட் இல்லாத வீட்டிலும் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்றால், அவன் நெட்டுக்காக வரவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு டீச்சரிடம் போனார்கள். கடைசியில் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. படியில் உட்கார்ந்து அழுதாள். "என் பொழப்புல ஏங்க மண்ணள்ளிப் போடறீங்க? நாளைக்குக் கிளாஸ முடிச்சிட்டு பொட்டியத் தூக்கிக்கினு மரக்காணம் போறேன். எங்கம்மா வூட்ல உக்காந்து பாடம் எடுத்துக்கறேன்."

அவள் அழுதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பொட்டி என்றால் தேவா என்று முன்பு சொன்னவள் அவள்தான். இப்போது பொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறாள். இதற்கு மேல் எதையும் விளக்கவேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை அவள் பூ வாங்கப் போயிருந்தாள். மாடி ஒயரில் கரண்ட் பாய நான் செய்த வேலையைப் பற்றி உங்கள் எலெக்ட்ரீசியன் சொன்னது சரி. மறுப்பதற்கு ஒன்றுமில்லை. பாடம் தொடங்கியதும் டிக்கை எடுத்தேன். போன் செய்தாள்.

"ஏங்க, நெட்டு வரல. நீங்களா நிறுத்தனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. ஒயரக் கழட்டி ஊதிப் பாரு."

"நீங்க ஒரு வாட்டி மேல வந்து பாருங்களேன்."

"கையில வேல இருக்குது. ஊதுன்னா ஊது."

"ஊதறேன், ஊதறேன். கோவிச்சிக்காதீங்க."

அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். நான் கோபத்தில் செய்யவில்லை. அதை அவளிடம் சொல்ல முடியாமல் போனதுதான் வருத்தம். கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று மத்தியானம் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனீர்கள். உங்கள் ஆட்கள் வேறு ஒயர் போட்டு மாடிக் கம்ப்யூட்டரை ஓடவிட்டார்கள். கீழே என் கம்ப்யூட்டரில் தேவா வந்தான். "பாத்தியாய்யா, பொட்டி பேருதான்யா அது. இதுக்கா அந்தப் பொண்ணக் கொன்ன?" என்று உங்கள் ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். பாவம், அவருக்குப் புரியவில்லை. அம்சவள்ளி பிண அறையில் கிடக்கிறாள். அவன் பாட்டுக்கு அதே நேரத்துக்கு வந்து உட்காருகிறான் என்றால், அவள் செத்த சேதி அவனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அதனால் வீட்டுக்குச் சீல் வைத்துவிடாதீர்கள், சார். மாடிக் கதவைத் திறந்தே வையுங்கள். அவனைப் பிடித்து எதிரே நிறுத்திவிட்டால், நான் சொன்னது எதுவும் பொய்யில்லை என்று அம்சவள்ளியே ஒத்துக்கொள்வாள்.